1001 என்பது தவமணி அல்ல

1. திறந்து நீட்டிய பேனா

“அக்கா, இங்க ஒரு சைன் மட்டும் போட்டுடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

எங்கள் மனிதவள மேனேஜர் ராஜேந்திரன் ஒரு தாளை என் மேசைமேல் வைத்தார். பேனாவின் மூடியையும் அவரே திறந்து நீட்டினார். படிப்பதற்கு முன்பே பேனாவைத் திறந்து கொடுப்பவர்களிடம் எனக்கு எப்போதும் ஓர் எச்சரிக்கை உண்டு. வாங்கி, மூடி, பக்கத்தில் வைத்துவிட்டுத் தாளைப் படித்தேன்.

‘சர்வர் பதிவின்படி, ஆய்வுக்கூடக் கோப்புகளை அழித்தவர் தவமணி என்பதை சிஸ்டம் அட்மினாகிய நான் உறுதி செய்கிறேன்.’ கீழே பரமேஸ்வரி என்ற என் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. கையெழுத்துக்குரிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

துறைமுக ஊரான பாசிர் கூடாங்கில் ஒரு ரப்பர் சீல் தொழிற்சாலை அது. கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டருக்குள் போகும் சின்ன வளையங்களைச் செய்தோம். நான் அங்கே சர்வர், நெட்வொர்க், பிரிண்டர், சில நாள்களில் மீட்டிங் அறையின் ஏர்கான் ரிமோட் வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பு. சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதும்போதும் கோபம் வருகிறது, வரட்டும்.

தவமணி தர ஆய்வுக்கூடத்தின் மூத்த டெக்னிஷியன். கோத்தா திங்கியிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். யாரோடும் அதிகம் பேசமாட்டார். மதியச் சாப்பாட்டைக்கூட கன்டீனுக்கு வராமல் ஆய்வுக்கூடத்துப் பக்கத்து அறையில் தனியாகச் சாப்பிடுவார். சோதனை முடிவைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் அவர் வழக்கம்.

அந்தத் தாள் வருவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் அப்படித்தான் ஒரு லாட் வளையங்கள் முழுவதையும் தேறாது என்று தள்ளிவிட்டிருந்தார். கன்டெய்னர் வாசலில் நின்றது. ஜெனரல் மேனேஜர் லிம் நேரே ஆய்வுக்கூடத்துக்கே போய்க் கேட்டார். “மிஸ்டர் லிம், இது லீக் ஆகுது. நான் ஓகே போட மாட்டேன்” என்றார் தவமணி. கன்டெய்னர் காலியாகத் திரும்பிப் போனது.

பிறகு ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், விண்டோஸ் சர்வரில் பொதுவாகப் பகிர்ந்து வைத்திருந்த இடத்திலிருந்து தவமணியின் சோதனைக் கோப்புகள் காணாமல் போயின. அந்த லாட்டின் முடிவுகளும் அவற்றோடு போயின. அன்று மாலைக்குள் முதல்நாள் பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்துவிட்டேன். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

“ஃபைல் திரும்பி வந்துட்டா தப்பு இல்லன்னு ஆயிடுமா அக்கா?” என்றார் ராஜேந்திரன். “சர்வர் லாக்ல தவமணி பேருதான் இருக்கு. நீங்கதானே எடுத்துக் கொடுத்தீங்க.”

“லாக் கேட்டீங்க, கொடுத்தேன். அவங்கதான் அழிச்சாங்கன்னு நான் சொல்லலையே. அவங்க ஏன் அவங்க ஃபைலயே அழிக்கணும்?”

“போஸ் லிம்கூட சண்ட லா. ரிசல்ட் இல்லாம கம்பெனி தவிக்கட்டும்னு செஞ்சிருப்பாங்க. பாருங்க, மத்தவங்க ஃபைல் ஒண்ணக்கூட தொடல. அவங்களோடது மட்டும்தான் போயிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?”

வாதம் ஒழுங்காகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். “நம்ம ஆளாச்சேன்னுதான் போலீஸ் ரிப்போர்ட் வேணாம்னு லிம்கிட்ட பேசி வச்சிருக்கேன். டொமெஸ்டிக் இன்குவைரி ஒண்ணு வச்சு உள்ளேயே முடிச்சிடலாம்.”

“நம்ம ஆளுன்னா மொதல்ல அவங்கள கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டிருக்கணும் ராஜேந்திரன். தாள டைப் பண்ணி எடுத்துட்டு என்கிட்ட வரக்கூடாது.”

“அப்போ சைன் போடமாட்டீங்களா?”

“மாட்டேன்.”

“அக்கா, ரிட்டயர் ஆகப் போற நேரத்துல…”

“அதனாலதான் போடமாட்டேன்.”

பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தாளை என் மேசையிலேயே விட்டுப் போனார், மனம் மாறினால் உதவும் என்று.

2. மோட்டார் நிறுத்தும் இடத்தில்

வேலை விட்டு வெளியே வந்தபோது தவமணி தன் மோட்டார் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். விசாரணைக்கு வரச் சொல்லி அதற்குள் கடிதம் கொடுத்துவிட்டார்கள். நாசவேலை என்ற சொல் அதில் இருந்தது. அந்தச் சொல்லோடு ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால், இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எந்த ஆய்வுக்கூடமும் சேர்த்துக்கொள்ளாது. மனிதவள ஆட்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஃபோனில் ஒரு வார்த்தை போதும்.

“அக்கா, நான் செய்யல” என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

“சர்வர்ல என் பேரு இருக்குதாமே அக்கா. அதக் கேட்டதுலேர்ந்து எனக்கே சந்தேகமா இருக்கு. சாப்பிடப் போறதுக்கு முன்னாடி தெரியாம எதையாச்சும் அமுக்கிட்டேனா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். மண்டையே கொழம்பிப் போச்சு.”

லிம் முன்னால் நின்று முடியாது என்று சொன்ன பெண் இவர். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரியைக் காட்டி, தன் கையையே நம்பாதபடி செய்துவிட்டார்கள். என் இத்தனை வருட வேலையில் எனக்கு அவ்வளவு கோபம் வந்த நாள் வேறில்லை.

“தவமணி, சர்வர் சொல்றது சாமி வாக்கு இல்ல. அத வச்சவங்க நாங்கதான். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. அதுவரைக்கும் எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போடாதீங்க” என்றேன்.

தலையாட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

3. எண்ணைக் கேட்டுக் கதவு திறக்கும் சர்வர்

மறுநாள் பதிவை மறுபடி திறந்தேன், இந்த முறை தவமணியின் பெயரைப் பார்க்காமல். பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தபோது வேறு இரண்டு விஷயங்கள் தெரிந்தன. நூற்றுக்கணக்கான கோப்புகள் சில விநாடிகளுக்குள் போயிருந்தன. ஆனால் மொத்த ஃபோல்டரை ஒரே அடியில் அழித்தது போல் இல்லை, நடுநடுவே சில ஆய்வுக்கூடக் கோப்புகள் தப்பியிருந்தன. அப்படித் தப்பியவை எல்லாம் அந்த வாரத்துக் கோப்புகள். கோபத்தில் அழிக்கிற மனுஷி, தேதி பார்த்துப் பழையதை மட்டும் பொறுக்கி அழிப்பாளா? அப்படி நிதானமாகப் பொறுக்குவது புரோகிராம்தான்.

இங்கே கொஞ்சம் தொழில் விளக்கம் சொல்ல வேண்டும்.

எங்கள் அலுவலகம் முழுக்க விண்டோஸ். ஆனால் ஆய்வுக்கூடத்துச் சோதனை இயந்திரத்தையும், ரப்பரை அச்சில் வைத்து அழுத்தும் பிரெஸ் லைனையும் இயக்குபவை யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள். இயந்திரத்தோடு வந்தவை, மாற்ற முடியாதவை. அவையும் விண்டோஸ் சர்வரில் கோப்பு வைக்க வேண்டும் என்பதற்காக, என்.எஃப்.எஸ். என்ற யூனிக்ஸ் முறையில் சர்வரின் ஓர் இடத்தைப் பகிர்ந்திருந்தோம்.

விண்டோஸ் ஆளைக் கணக்குப் பெயராலும் பாஸ்வர்டாலும் அறியும். யூனிக்ஸுக்கு உள்ளே ஒவ்வொருவரும் ஓர் எண். எங்கள் ஏற்பாட்டில், கோப்பு கேட்டு வரும் யூனிக்ஸ் இயந்திரம் பாஸ்வர்டு எதுவும் சொல்லாது. ‘என் எண் 1001’ என்று மட்டும் சொல்லும். சர்வர் தன்னிடம் உள்ள அட்டவணையைப் பார்க்கும். 1001 என்றால் தவமணி என்று அதில் போட்டிருக்கும். உடனே தவமணிக்கு உள்ள எல்லா உரிமையும் கொடுத்து உள்ளே விடும். செய்த வேலையையும் தவமணி பெயரிலேயே பதிவு செய்யும். எந்த இயந்திரத்தில் எந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று அது விசாரிக்காது.

ஒவ்வொரு ஆளுக்கும் எல்லா இயந்திரத்திலும் ஒரே எண் இருந்தால் இது ஓரளவு சரியாக ஓடும். எங்களிடம் அப்படி இல்லை. ஒவ்வொரு யூனிக்ஸ் இயந்திரமும் வந்து இறங்கிய அன்று, அதில் முதல் கணக்கு அந்த இடத்து லீடருக்குத்தான் என்பது எங்கள் தொழிற்சாலையின் வழக்கம். மரியாதைக்காக அப்படி. முதலில் திறக்கும் கணக்குக்கு அந்த இயந்திரங்கள் தாமாகவே 1001 கொடுத்துவிடும். ஆகவே ஆய்வுக்கூடத்தில் 1001 தவமணி. பிரெஸ் லைனில் 1001 அங்குள்ள லீடர். அதுவும் பெயருக்குத்தான், கணக்கை மூடினால் புரோகிராமும் மூடிக்கொள்ளும், ஹீட்டர் ஆறிவிடும், மறுபடி சூடேற்ற வேண்டும் என்று யாரும் லாக் அவுட் செய்வதே கிடையாது. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எல்லோரும் அந்த ஒரே கணக்கில்தான் வேலை பார்ப்பார்கள்.

இந்த எண்களை ஒழுங்கு செய்ய வேண்டும் என்று நான் கேட்டபோதெல்லாம் “ஓடுதுதானே, விடுங்க” என்பதுதான் பதில்.

கோப்புகள் போனதற்கு முதல்நாள், பிரெஸ் லைன் இயந்திரத்தைச் சர்வரோடு இணைக்க வெளியிலிருந்து ஒரு வெண்டர் ஆளை லிம் வரவழைத்திருந்தார். அந்த இயந்திரத்துக்குப் போய்ப் பார்த்தேன். அவர் சர்வரின் பகிர்ந்த இடத்தை இணைத்து வைத்திருந்தது, இயந்திரத்தின் தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் ஃபோல்டருக்குள். அந்த ஃபோல்டரைத் தினமும் மதியம் பெருக்குவதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வெகு காலமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் யாரும் தொடாத கோப்பை அழி, அவ்வளவுதான் அதன் வேலை. அது ஓடுவது அந்த இயந்திரத்தின் முதல் கணக்கில், 1001 என்ற எண்ணில்.

மதியம் ஆனது. ஸ்கிரிப்ட் வழக்கம்போல் பெருக்கியது. போகிற வழியில் சர்வருக்குள்ளும் நுழைந்தது. சர்வர் அதைத் தவமணி என்று நினைத்துக்கொண்டது. மற்றவர்களின் கோப்புகளை அழிக்கத் தவமணிக்கு உரிமை இல்லை, அதனால் அவை தப்பின. தவமணியின் பழைய கோப்புகளை மட்டும் அழிக்கவிட்டது. நான் மீட்டு வைத்தவை புதிதாகத் தொட்ட கோப்புகள் என்பதால் அடுத்த நாள்களில் தப்பின. ராஜேந்திரன் இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டாரே, அதன் விளக்கம் இதுதான். இணைப்பை உடனே கழற்றினேன். ஆனால் ஸ்கிரிப்டைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொன்னால் பிரெஸ் லைனில் இன்னோர் ஆளைத் தேடிப் பிடிப்பார்கள்; விசாரணையில் எல்லோர் முன்னாலும் காட்டலாம் என்று இருந்தேன்.

4. டுரியான்

மீட்டிங் அறையில் நாங்கள் நான்கு பேர். லிம், ராஜேந்திரன், நான், எதிரே தவமணி. லிம் பேசுவது மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. இங்கே தமிழில் தருகிறேன். ராஜேந்திரன் பதிவின் அந்த வரியைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். தவமணியின் கணக்குப் பெயர் சுவர் முழுக்கத் தெரிந்தது. தவமணி அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இதுக்கு உங்க பதில் என்ன?” என்று லிம் அவரைக் கேட்டார்.

“அவங்க பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு காட்டணும்” என்று என் சொந்த லேப்டாப்பைத் திறந்தேன். அதில் ஓடுவது யூனிக்ஸ் வகை சிஸ்டம். அறையிலிருந்த நெட்வொர்க் கேபிளைச் சொருகி லிம் பக்கம் திருப்பி வைத்தேன். “நீங்களே டைப் பண்ணுங்க மிஸ்டர் லிம். புதுசா ஒரு யூசர். பேரு உங்க இஷ்டம்.”

“என்ன பேரா இருந்தாலும் சரியா?”

“எதுவா இருந்தாலும்.”

அவர் ஒரு நிமிடம் யோசித்து ‘டுரியான்’ என்று அந்த முள் பழத்தின் பெயரை டைப் செய்தார். எண் கேட்கும் இடத்தில் 1001 போடச் சொன்னேன். போட்டார். இப்போது டுரியான் என்ற பெயரில் சர்வரின் பகிர்ந்த இடத்துக்குள் ஒரு கோப்பை எழுதச் சொன்னேன். ஹலோ என்று எழுதினார். பாஸ்வர்டு எங்கேயும் கேட்கவில்லை.

“ராஜேந்திரன், அந்த ஃபைல உங்க விண்டோஸ்லேர்ந்து பாருங்க. ஓனர் யாருன்னு படிங்க.”

ராஜேந்திரன் மௌஸை நகர்த்தினார். சுவரில் வந்தது. லிம்தான் படித்தார். “தவமணி.”

தவமணி இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். லேப்டாப்புக்கும் அவருக்கும் நடுவே மேசையின் முழு நீளம் இருந்தது. அவர் மெல்லத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார்.

“இப்ப அத அழிச்சிடுங்க” என்றேன். லிம் அழித்தார். சர்வர் பதிவில் புதிதாக ஒரு வரி வந்தது: கோப்பை அழித்தவர் தவமணி. அன்றைக்கு வந்த அதே மாதிரி வரி, அதே பெயர்.

“மாச்சாம் இனி கா?” என்றார் லிம். இப்படித்தானா என்று கேட்கிறார். அவர் கை இன்னும் கீபோர்டின் மேலேயே இருந்தது.

“அக்கா, இது ஹேக்கிங்” என்றார் ராஜேந்திரன்.

“கதவே வைக்காத வீட்டுக்குள்ள நடந்து போறதுக்குப் பேரு ஹேக்கிங் இல்ல ராஜேந்திரன்.”

“சரி, தவமணி இல்லன்னா அப்ப வேற யாரோ. பிரெஸ் லைன்ல யாரு அன்னைக்கு டியூட்டி? பேரு சொல்லுங்க.”

இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். ஓர் ஆள் தப்பித்தால் இன்னோர் ஆள் வேண்டும் அவருக்கு. ஸ்கிரிப்டைக் காட்டினேன். இரண்டே வரி. இணைப்பு எந்த ஃபோல்டருக்குள் செருகப்பட்டிருந்தது என்பதையும் காட்டினேன். “ஆள் இல்ல. எந்த ஆளையும் நான் தரமாட்டேன். இயந்திரம் தன் வேலையச் செஞ்சிச்சு. அந்த இடத்துல இணைச்சது வெண்டர். அவரக் கூப்பிட்டது ஆஃபிஸ்.”

லிம் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“தவமணி, நீங்க போலாம்” என்றார் லிம். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. தவமணி எழுந்து நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

5. எனக்கு வந்த கடிதம்

அறிக்கையில் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று பொதுவாக எழுதினால் போதும் என்று லிம் சொன்னார். வெண்டரைத் தேர்ந்தெடுத்தது அவர். நான் நடந்ததை நடந்தபடி எழுதினேன். இணைத்தவர் யார், வரவழைத்தவர் யார், எண்களை ஒழுங்கு செய்ய நான் கேட்டபோது கிடைத்த பதில் என்ன, எல்லாம்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு ஷோகாஸ் கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் சொந்த லேப்டாப்பைக் கம்பெனி நெட்வொர்க்கில் இணைத்ததற்கு விளக்கம் தர வேண்டுமாம். சிரித்துவிட்டேன். ‘இணைத்தேன். ஜெனரல் மேனேஜரின் கண் முன்னால் இணைத்தேன். அவர்தான் டைப் செய்தார்’ என்று பதில் எழுதிக் கொடுத்தேன். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தை ஓய்வு பெறும் நாள்வரை என் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தேன். சிலர் எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்கவில்லை.

எண்களையும் ஒழுங்கு செய்தோம். எல்லா இயந்திரத்துக்கும் ஒரே இடத்தில் கணக்கு, ஆளுக்கு ஓர் எண். பிரெஸ் லைனின் கணக்குக்கு லைனின் பெயரையே வைத்தேன், எந்த மனிதரின் பெயரும் அதில் இல்லை. நாங்கள் அனுமதித்த இயந்திரங்களைத் தவிர வேறு எதுவும் சர்வருக்குள் வர முடியாதபடி பூட்டினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பதிவில் இருப்பது சர்வர் எதை நம்பியதோ அது. என்ன நடந்தது என்பது வேறு விஷயம், அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். அந்த இரண்டும் ஒன்று என்று உங்களிடம் கையெழுத்துக் கேட்டு வருவார்கள். போடாதீர்கள். அக்கா என்று கூப்பிட்டாலும் போடாதீர்கள்.

6. தவமணி கேட்ட வரி

அந்த விசாரணைக்குப் பின் தவமணிக்கும் ஒரு கடிதம் கொடுத்தார்கள். ‘போதிய ஆதாரம் இல்லாததால் விசாரணை முடித்துக்கொள்ளப்படுகிறது.’ அதை வாங்கிக்கொள்ள அவர் என்னையும் கூட அழைத்துப் போயிருந்தார். ராஜேந்திரனின் அறையில் நின்றபடியே படித்தார். படித்துவிட்டு அவர் மேசைமேலேயே திருப்பி வைத்தார்.

“என்னாச்சு? கேஸ் முடிஞ்சிடுச்சில்ல” என்றார் ராஜேந்திரன்.

“சார், சர்வர்ல என் பேரக் காட்டி எனக்கே என் மேல சந்தேகம் வர வச்சிட்டீங்க. ராத்திரி தூக்கம் இல்ல. இந்த லெட்டரும் அதத்தான் சொல்லுது. செஞ்சிருக்கலாம், கண்டுபிடிக்க முடியலன்னு.” அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. “ஆதாரம் இல்லன்னு எழுதாதீங்க. நான் செய்யலன்னு எழுதுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே லா.”

“ஒண்ணுன்னா மாத்தி எழுதறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

ராஜேந்திரன் என்னைப் பார்த்தார். உதவிக்குப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன், எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன் என்று அவருக்குத் தெரியட்டும் என்று. தவமணி உட்காரவில்லை. ராஜேந்திரன் லிம்முக்கு ஃபோன் செய்தார், எழுந்து வெளியே போனார், திரும்பி வந்தார். அந்த லாட்டுக்கு ஓகே போட மறுத்து நின்றது போலவே நின்றார் தவமணி.

கடைசியில் ராஜேந்திரன் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். தவமணி கேட்டபடி மாற்றி எழுதிய கடிதத்தைப் பிரிண்டர் தள்ளியது. அதை எடுத்து என்னிடம்தான் நீட்டினார், அதன் கீழே சிஸ்டம் அட்மினின் உறுதியும் வேண்டும் என்று.

‘ஆய்வுக்கூடக் கோப்புகளைத் தவமணி அழிக்கவில்லை என்பதை சிஸ்டம் அட்மினாகிய நான் உறுதி செய்கிறேன்.’

பேனாவை மூடியோடு மேசைமேல் வைத்திருந்தார். நான் தாளை முதலில் தவமணியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் தந்தார். நானே மூடியைத் திறந்து கையெழுத்துப் போட்டேன்.